அப்பா நடித்த படம்

கந்தப்பளை,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோஜினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் தங்கச்சி ஜெயந்தினியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெயில் நாட்டில் அப்படியே இருக்கவேண்டும் என்று மாரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை உன் மேடம் போனைக் கொடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ அழுதால் நானும் அழுவேன், பிறகு சொல்லவந்தது ஒன்றும் சொல்லமுடியாது. நல்லமுத்து அண்ணனின் மகள் உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன வெள்ளிக்கிழமை கேட்டாயே, "அப்பா நடிச்ச படம் வந்துருச்சாமே, நான் பாக்கவாம்மா, வேணாமாம்மா" என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நம் வீட்டு டிவி கதையைக் கேள். அப்பா போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லையென்று ஜெயந்தினி வேலைவிட்டு வந்ததும் டிவியைப் போட்டுவிடுகிறாள். நானும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து காலைக் கழுவி, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். அந்த இந்தியா சீரியலில் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டில் ஒருத்தியும் வேலைக்குப் போவதில்லை, பட்டுச்சேலையோடு தூங்குகிறார்கள், யாரும் சோறு வடித்து நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனால் எந்த நேரமும் யாராவது யாருக்காவது விஷம் வைக்கிறார்கள். சமைக்காத வீட்டில் விஷத்தை எதில் கலக்கிறார்களோ தெரியவில்லை. அதைச் சொன்னால் தங்கச்சிக்குக் கோபம் வருகிறது. அதில் ஒருத்தியின் புருஷன் விபத்தில் செத்துப்போனான், பொட்டை அழித்தார்கள், நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். மார்கழியில் ஒரு நாள் அவன் தாடியும் மீசையுமாக வாசலில் வந்து நிற்கிறான், செத்தது வேறு யாரோவாம். ஜெயந்தினி கைதட்டினாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியை நிறுத்திவிட்டாள். எல்லார் வீட்டு ஆளையும் திருப்பி அனுப்புகிறார்கள், என் வீட்டு ஆளை மட்டும் அனுப்பவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அதிலிருந்து அந்தச் சீரியலைப் பார்ப்பதில்லை. இப்போது பார்ப்பது ஒரு சிங்கள நாடகம். அதில் விறகு ஈரமென்று திட்டுகிறார்கள், மழை வந்தால் ஓடிப்போய்த் துணி எடுக்கிறார்கள். ஒரு அம்மா தினமும் மகன் வருகிறானா என்று பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிறாள், அவன் வராவிட்டால் அழுவதில்லை, பக்கத்துக் கடையில் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு, அதற்காகத்தான் வந்தவளைப்போல வீட்டுக்குத் திரும்புகிறாள். அதை எழுதியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

நம் படத்துக்கு வருகிறேன். போன மாசியில் கொழும்பிலிருந்து அந்தப் பிள்ளைகள் தோட்டத்துக்குப் படம் எடுக்க வந்தது உனக்குத் தெரியும். கதை சாவு வீட்டில்தான் தொடங்குகிறது, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிற ஒரு பெண்ணின் அப்பா இறந்துபோகிறார். செத்தவராகப் பெட்டியில் படுக்க ஒரு ஆள் வேண்டுமென்று லயம் லயமாக, வீடு வீடாகக் கேட்டார்கள், யார் வருவார்கள்? உன் அப்பாதான் போனார். "செத்த பொறகு எப்புடியும் படுக்கத்தானே போறோம், உசுரோட ஒருக்கா படுத்துப் பாத்துக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார். திரும்பி வந்தவரை, தலைக்கு ஊற்றாமல் உள்ளே விடமாட்டேன் என்று நான் வாசலை மறித்து நின்றேன், அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடுங்கினார், அப்போதும் அதே சிரிப்பு. மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். படத்துக்காக அவரைப் போட்டோ எடுத்துக் கண்ணாடி போட்டு மாலை மாட்டியிருந்தார்கள், வேலை முடிந்ததும் அதை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போட்டோவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆடியில் அவர் போனபிறகு சுவரில் மாட்ட ஒரு நல்ல போட்டோ தேடினோம், அடையாள அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைசியில் அதையே எடுத்துத் துடைத்து மாட்டினோம், மாலையை நானே கட்டினேன்.

பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், "வெளையாட்டுக்குப் பொட்டியில படுத்தாரு, எமன் நெசமுன்னு நெனச்சுட்டான்" என்று. குளவி சினிமா பார்ப்பதில்லை அக்கா என்று சொல்லிவிட்டேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப்போன மலையில் மரத்தில் குளவிக்கூடு இருந்தது, காற்றுக்குக் கலைந்தது, கூட இருந்தவர்களை ஓடச்சொல்லிவிட்டு உன் அப்பா கடைசியாக ஓடினார், உனக்குத் தெரிந்ததுதான். அக்காவிடம் அப்படிப் பேசினேனே தவிர, படுத்தால் அவள் சொன்னதுதான் காதில் கேட்கிறது.

பொங்கலுக்கு மறுநாள் கோயில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன், ஜெயந்தினி கையைப் பிடித்து இழுத்துப்போனாள். குறை சொல்லவேண்டுமென்றால் நிறைய இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவளின் சேலையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை, அவ்வளவு நேரம் மலையில் நிற்கிறாள், ஒரு அட்டை ஏறவில்லை. நடிகை யார், பறிக்கிறவள் யார் என்று அட்டைக்கும் தெரியும்போல. அந்த வெளிநாட்டு மேடம் இருக்கிறாளே, செய்தி கேட்டதும் தானே பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துக் கட்டிப்பிடித்து அழுது காரில் ஏற்றி அனுப்புகிறாள். அப்படி ஒரு மேடத்தை அந்தப் பிள்ளைகள் எங்கே கண்டார்களோ. உன் மேடம் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்றவள். படத்து மகள் சரியாகப் பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் தப்புமேளச் சத்தத்துக்கு நடுவே ஓடிவந்து சேர்ந்துவிடுகிறாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை மகளே. என் பிள்ளை வரமுடியவில்லை, எவளோ ஒருத்தி வந்து என் புருஷன்மேல் விழுந்து அப்பா அப்பா என்று கதறுகிறாளே என்று வயிறு எரிந்தது. எழுந்துபோகப் பார்த்தேன், ஜெயந்தினி என் முந்தானையை விடவில்லை.

நம் சாவு வீட்டன்று நீ போனில் கத்தியது எனக்கு மறக்கவில்லை. "ஒருக்கா மொகத்தக் காட்டுங்கம்மா, ஒரே ஒருக்கா" என்றாய். போனை வாங்கி நிறுத்தியது நான்தான். சிக்னல் போய்விட்டதென்று தங்கச்சி பிறகு சொன்னதை நீ நம்பவில்லை, அதிலிருந்து என்மேல் உனக்கு ஒரு கோபம் இருக்கிறது, நீ சொல்லாவிட்டாலும் பேச்சில் தெரிகிறது. காரணத்தை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. குளவி அவர் முகம் முழுக்கக் கொட்டியிருந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கையிலிருந்த கவ்வாத்துக்கத்தித் தழும்பைப் பார்த்துத்தான் இவர் என் ஆள் என்று சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நீ அங்கே, ஆறுதல் சொல்ல ஒருத்தரும் இல்லாத வீட்டில், எப்படிக் கண்ணை மூடுவாய்? இங்கே நானும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம், உனக்கு யார் இருந்தார்கள்? நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஆனால் அந்த வெள்ளைத் துணியில் அவரைக் கிட்டத்தில் காட்டினார்கள். பெட்டிக்குள் அவருடைய சொந்த முகம். வீக்கம் இல்லை, காயம் இல்லை, மீசையைக்கூடச் சீவி விட்டிருக்கிறார்கள். ஆடியிலிருந்து நான் கண்ணை மூடினால் அந்த வீங்கின முகம்தான் வரும், உன்னிடம் சொல்லவில்லை. இப்போது இந்த முகம் வருகிறது. அந்த நடிகை நெஞ்சில் விழுந்து அழ, மண்டபமே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது ராக்காயி அக்கா உன் அப்பா பேரைச் சொல்லி எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள், "அடியே, சோலமல மூச்சு விடுறாருடி" என்று. அழுதவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். போர்த்திய வேட்டிக்குக் கீழே வயிறு மெல்ல ஏறி இறங்குகிறது. உதட்டு ஓரம் துடிக்கிறது. படம் எடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னார், "அந்தப் புள்ள கண்ணீரு கழுத்துல வழிஞ்சு ஒரே கூச்சம், சிரிப்ப அடக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு" என்று. படம் முடிந்ததும் அதை எடுத்த தம்பி என்னிடம் ஓடிவந்து, கவனிக்காமல் விட்டுவிட்டோம் அம்மா, அந்த இடத்தை வெட்டிவிடுகிறோம் என்றார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வெட்டிறாதீங்க தம்பி, அத மட்டும் வெட்டிறாதீங்க என்று கெஞ்சினேன். அந்தத் தம்பிக்கும் கண் கலங்கிவிட்டது. வெட்டாமல் அப்படியே ஜெயந்தினியின் போனுக்கு அனுப்பியிருக்கிறார், அவள் உனக்கு அனுப்புவாள்.

அதனால் பார் மகளே. வெள்ளிக்கிழமை போன் கைக்கு வந்ததும் மேடம் இல்லாத பக்கமாகப் போய்ப் பார், ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வேலை செய்யாதே, ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொரு வருஷம் என்று சொல்லாமல் வந்து சேர். மாரியம்மா உன் தலைமாட்டில் நிற்கட்டும், போன இடத்திலிருந்து உன் அப்பாவும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மறக்காதே, அழுகிற அந்தப் பெண்ணைப் பார்க்காதே, அவள் சம்பளத்துக்கு அழுகிறாள். அப்பாவை மட்டும் பார். பெட்டியை மூடுகிறவரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

உன் அம்மா,
சோ. ஜீவராணி