மூலை மனை

அக்டோபர் 19

வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்த வருஷம்தான் எங்கள் கழனியில் மனைக் கல் நட்டார்கள். அதுவரை ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பதினேழு குடும்பம், ஓர் ஏரி, அது நிரம்பினால் தண்ணீர் போக ஒரு வாய்க்கால். இப்போது சந்திரிகா நகர். கார் திரும்ப இடமில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று பேத்தி ஸ்நேகா காட்டிக்கொடுத்தாள். சொன்னதை நான் படிக்க முடியாது. அதுவும் நல்லதுதான்.

நவம்பர் 30

எதிர்வீட்டில் முழங்கால் தண்ணீர். படுக்கையில் கிடக்கும் தேவானந்தம் சாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம், நானும் மகன் அச்சுதனும். அவர் மனைவி சரோஜினி டீச்சர் கண் கலங்கிவிட்டார். "கர்த்தர்தான் உங்களை எதிர்ல வெச்சிருக்கார் அண்ணா."

கர்த்தர் இல்லை. ராஜகோபாலன்.

டிசம்பர் 1

சொல்லிவிடுகிறேன். இங்கே மனை போட்டு விற்றவன் ராஜகோபாலன். வாய்க்காலை மூடி மட்டமாக்கியிருந்தான். வாய்க்கால் எது என்று சர்வேயர் கேட்டபோது சுடுகாட்டுப் பள்ளத்தைக் காட்டினேன். வருஷா வருஷம் நிஜ வாய்க்காலைத் தூர்வாரியவன் நான். எங்கள் பதினேழு குடும்பத்தில் ரத்தினபாயும் சாலமோனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். மூன்று பேரும் கைநாட்டு.

அதற்குக் கூலியாக எனக்கு இந்த மூலை மனை. வாய்க்கால் மேலேயே கொடுத்தான், வேணும்னே. நான் வாயைத் திறந்தா முதல்ல போறது என் வூடு.

தெரிந்துதானே மூன்றடி மண் கொட்டி உயர்த்திக் கட்டினேன்? தண்ணீர் எதிரே திரும்பியது. அங்கே மனை வாங்க வந்த தேவானந்தம் சார் கேட்டார், மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று. நிற்காது என்றேன்.

டிசம்பர் 4

டீச்சர் மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன். இன்னா மனுஷன் நான்.

டிசம்பர் 9

தண்ணீர் ஏன் நின்றது என்று பார்க்க, பழைய வாய்க்காலைத் தேடி நாளை அதிகாரி வருகிறார். அச்சுதனிடம் எல்லாம் சொன்னேன். வாசல் விளக்கை அணைத்தான். பிறகு, "மறந்துபோச்சுன்னு சொல்லு நைனா. இதை விட்டா எங்க போறது? மேடவாக்கத்துல வாடகை இன்னான்னு தெரியுமா?"

மறதியா — எனக்கா?

டிசம்பர் 10

"ஏகாம்பரம் அண்ணாவுக்குத் தெரியாத கல்லே இங்க கிடையாது சார்." டீச்சர் பெருமையாகத்தான் சொன்னார். அச்சுதன் தரையைப் பார்த்தான்.

ஏரிக்கரையிலிருந்து தடியை ஊன்றி நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். என் கேட்டைத் திறந்து, சமையலறை வரை போய், தரையில் தட்டினேன். இங்கேதான் ஓடியது என்றேன். மாற்றிக் காட்டியதையும் சொன்னேன்.

டீச்சர் என்னைப் பார்த்தபடி நின்றார். அண்ணா என்று கூப்பிடவில்லை. போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்குக் கூட இருந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். ராஜகோபாலன் எப்போதோ போய்விட்டான். ரத்தினபாய் பெருவெள்ளத்து வருஷம். சாலமோன் கொரோனாவில்.

"ஏகாம்பரம் ஒருத்தன்தான் சார் மிச்சம்" என்றேன்.