பின்சக்கரத்துக் கல்

வாலியா மரே,
வியாழக்கிழமை, அக்டோபர் 9

அன்புள்ள சவேட்டாவுக்கு,

த்ராயான் எழுதிக்கொள்வது. நானும் மகள் ஒதிலியாவும் நலம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நேலு நாளை காலை இத்தாலிக்கு வேன் எடுக்கிறான். அவனிடம் கொடுத்துவிடும் பெட்டியில் பிளம் ஜாம் ஆறு பாட்டில், சுட்ட மிளகாய்த் தொக்கு நான்கு, அதற்கடியில் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே என் குரலை வைத்து மீதியைப் பிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒதிலியாவை ஆல்பா டவுனுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன், குழந்தையின் தலை திரும்பிவிட்டது, இன்னும் இரண்டு வாரம் என்றார் என்று சொன்னேன் அல்லவா? அது அத்தனையும் நிஜம். வண்டி எப்படிப் போகிறது என்று கேட்டாய், வெண்ணெய் மாதிரிப் போகிறது என்றேன். அது பொய். இறக்கத்தில், மரக்கிடங்குக்கு மேலே மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஓரத்து மண்கரையில் உரசித்தான் நிறுத்தினேன். கதவில் நீளமாக ஒரு கோடு. ஒதிலியா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதேப்பா" என்றாள்.

அரைமணி கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போய் வந்தோம். வழி முழுக்கக் கருகல் வாடை.

மறுநாள் முன்சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் பேட் நன்றாக இருந்தது. எங்கும் ஆயில் கசியவில்லை. பிறகு பள்ளிக்கூடம் வரை ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்தேன். மூன்று சும்மா இருந்தன. பின்பக்கத்து வலது சக்கரம் மட்டும் சொய்யென்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே துருவேறி, பேட் டிஸ்கை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. இறக்கம் முழுக்க உரசி உரசிச் சூடேறி, பழைய பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆறியதும் பெடல் திரும்பி வந்திருக்கிறது.

காரணம் நான்தான், சவேட்டா. நம் ஊரில் எவன் ஹேண்ட்பிரேக் போடுகிறான்? ஜனவரியில் போட்டால் பனியில் உறைந்து மார்ச்சில்தான் விடும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தோமா, முடிந்தது. நீ மோடெனாவிலிருந்து இந்த வண்டியை அனுப்பிய அன்றைக்கே, எஞ்சினை நிறுத்தினால் தானாகப் பிடிக்கும் அந்த மின்சார ஹேண்ட்பிரேக்கை அணைத்து வைத்துவிட்டேன். "அது பாட்டுக்கு வேலை செய்யட்டும், நீங்க கை வைக்காதீங்க" என்று அப்போதே சொன்னாய். "கல்லுக்கு பேட்டரி வேணாம்டி" என்று சிரித்தேன். மூன்று வருஷம் அசையாமல் கிடந்த சாமான் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

புத்தி அப்போதும் வரவில்லை. புது பேட் போட, பழைய வண்டியில் செய்வதுபோல கிளாம்ப் வைத்து, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளப் போனேன். ஜன்னலிலிருந்து உன் மகள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாயே குரைத்தது. "கையை எடுப்பா! உள்ள ஹேண்ட்பிரேக் மோட்டார் இருக்கு, உடைஞ்சிடும். முதல்ல வண்டிகிட்ட சொல்லணும்!" வண்டியிடம் கேட்டுத்தான் தொட வேண்டும் என்றால் அது என்ன என் மாமியாரா என்றேன். (கோபிக்காதே.) அவள் ஸ்டீயரிங்குக்குக் கீழே எதையோ செருகி, போனில் தட்டினாள். பின்சக்கரத்துக்குள் ஏதோ முனகித் திரும்பியது. அதற்குப் பிறகு பிஸ்டன் சொன்ன பேச்சைக் கேட்டது.

பழைய ஆயிலை எடுத்துப் புதிது ஊற்றி, பிரேக் குழாயிலிருந்து காற்றை நீக்குவதுதான் பாக்கி. அது இரண்டு ஆள் வேலை, உனக்குத் தெரியாததா? அந்த நாளில் மாவுக் கையோடு வந்து நீ முன்சீட்டில் உட்கார்ந்து பெடலில் கால் வைப்பாய். நான் "அழுத்து" என்பேன், "அழுத்தியாச்சு" என்பாய், நான் சக்கரத்தில் ஆயில் வெளியேறும் திருகாணியை மூடி "விடு" என்று சொல்லும் வரை உன் கால் அசையாது. இப்போது ஒதிலியா உட்கார்ந்தாள். வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்க, சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் எட்டவில்லை. மூன்றாவது சக்கரத்தில் நான் மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டாள். காற்று உள்ளே போய்விட்டது. ஏன் எடுத்தாய் என்று சத்தம் போட்டேன், போடாமல் இருந்திருக்கலாம். "அம்மா இங்க இருந்தா நான் ஏன் இதுல வந்து உக்கார்றேன்?" என்று அழுதாள். கை கழுவிவிட்டு வந்து அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பிறகு முதலிலிருந்து செய்தோம்.

இப்போது பெடல் கெட்டியாக இருக்கிறது. கோயில் சரிவில் ஆறு தடவை இறக்கிப் பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தேன், எதுவும் கொதிக்கவில்லை. ஹேண்ட்பிரேக்கும் தானாகவே பிடிக்கிறது. ஆனாலும் கல்லை எடுக்க மனம் வரவில்லை. பிரேக்கும் போட்டிருக்கிறேன், கல்லும் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஊரே சிரிக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் கூரை வேலை முடிய நவம்பர் ஆகும். அவளுக்கு வலி எடுத்தால் ஆல்பா வரை எழுபது கிலோமீட்டர் இறக்கம். என் கண் பாதையில் இருக்கும், காது சக்கரத்தில் இருக்கும். பின்சீட்டில் அவள் கையை யார் பிடித்துக்கொள்வது?

நேலு ஞாயிறு மதியம் அங்கிருந்து திரும்புகிறான். பக்கத்து சீட்டை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிவைத்தேன். "அக்கா வர்றாங்களா?" என்றான். "நீ சீட்டை வை, போதும்" என்றேன். அந்த அம்மாளை விட்டுவிட்டு வர முடியாது என்றால் கோபப்பட மாட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டேன் என்பது ஒதிலியாவுக்குத் தெரியாது.

தேவமாதா உன்னையும் பாதையையும் காக்கட்டும். போன முறை நான் அனுப்பிய ஜாமின் காலி பாட்டில்களை நேலுவிடம் கொடுத்துவிடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை பெடலை அழுத்திப் பார்த்து, சரியாயிருக்கு என்று உன் வாயால் சொல். கல்லை எடுத்துவிடுகிறேன்.

உன்,
த்ராயான்