கொல்லயில்காரி

கொல்லயில்
ஜூலை 6

அன்புள்ள மகள் தன்யாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, உன்னையும் போர்ச்சுகலில் கடவுள் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே மழை விடவில்லை, பின்புறத்து ஓடை கலங்கி ஓடுகிறது, பக்கத்து வீட்டு விஜயம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை அவள் மகன் மனு அச்செடுத்துத் தந்தான், முழுவதும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை உண்டு, திருத்து. நம் ஓடையில் மூழ்கிக் கிடந்த அயனி மரத்து இலையில் இதுவரை யாரும் அறியாத பூஞ்சை இருந்ததையும், அதன் வித்து நாலு கை விரித்து நிற்பதையும் படத்தில் பார்த்தேன். போன மழைக்கு வந்தவள் என்னோடு பேசாமல் அழுகின இலைகளையே பொறுக்கிக்கொண்டிருந்தாய், அது வீண்போகவில்லை.

அதற்கு நீ வைத்த பெயரையும் பார்த்தேன். கொல்லயிலென்சிஸ். நான் படித்த கான்வென்ட் வாசல் கல்லில் பிஷப்பின் பெயருக்குப் பின்னால் இப்படி முடிகிற லத்தீன் சொல் ஒன்று இருந்தது, அந்த ஊருக்கு உரியவர் என்று அர்த்தம் என சிஸ்டர் சொல்லித் தந்தார். நம் பேச்சில் சொன்னால் கொல்லயில்காரி. விஜயம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். மறுநாளே நிலம் விற்றுக் கொடுக்கும் புரோக்கர் ஷிபு வந்து நின்றான். "அம்மா, மவ சம்மதிச்சாச்சு, இனி நீங்க பத்திரத்துல ஒரு ஒப்பு வச்சா போரும். அயனி எல்லாம் முறிச்சு, ஓடைக்க ஓரம் மதிலு கெட்டி, பிளாட்டு பிளாட்டா விக்குவாவ ஆக்கும்" என்றான். பெருங்கடவிளையில் வயதானவர்கள் தங்கும் இல்லத்தில் நீ எனக்கு அறை பார்த்திருப்பதையும் அவன் வாயால்தான் கேட்டேன். "எலே ஷிபு, அவளப் பெத்தது நானா, நீயா" என்று கேட்டு அனுப்பினேன்.

அயனி இல்லாவிட்டால் இலை ஏது, இலை இல்லாவிட்டால் உன் பூஞ்சை ஏது. ஓடைக்கரை மரங்களைக் காக்க வேண்டும் என்று கட்டுரையின் கடைசியில் நீயே எழுதியிருக்கிறாய். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இந்த ஊர்க்காரி என்று பட்டம், இங்கே குடிவந்து உன்னை வளர்த்து, உன் அப்பாவை இந்த மண்ணிலேயே அடக்கிய எனக்கு வேறு ஊரில் ஒரு அறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் உனக்குத் தோன்றவில்லை.

ஒப்பு வைக்க மாட்டேன். என் காலத்துக்குப் பிறகு விற்றுக்கொள். மரமெல்லாம் போன பின்பு அந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்பதையும் அப்போது நீயே எழுது.

வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும். இனி என்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடமே சொல்.

உன் அம்மா
சௌதாமினி