மூணாறு வழியாக உடுமலைக்கு

போடிநாயக்கனூர்
12.1.1974

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீங்கள் அனுப்பிய புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஒரு பெண், தோளில் ஒரு பையோடு, மாதக்கணக்கில் மலை மலையாக நடந்திருக்கிறாளே! அதிலிருந்து பள்ளிக்கூடத்து மாடியில் நின்று மேற்கே பார்த்தாலே கால் குறுகுறுக்கிறது. போன வாரம் நானும், உடன் வேலை பார்க்கும் ராஜமணி டீச்சரும் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நடந்தே ஏறினோம். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ராத்திரி எஸ்டேட்டில் ராஜமணியின் சித்தி வீட்டில் தங்கினோம். மேலேயிருந்து நம் ஊரைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

செருப்பு அறுந்துபோனது. கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி அனுப்புங்கள்.

தங்கை,
சொர்ணலதா

சென்னை
3.2.1974

சொர்ணத்துக்கு,

அப்பாவின் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு நிச்சயித்த சின்னமனூர் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்களாம். "மலையேறித் திரியிற பிள்ளை எங்களுக்கு வேண்டாம்" என்று கடைவீதியில் வைத்தே சொல்லியிருக்கிறார்கள். அப்பா கடை திறக்கவே கூசுகிறார். பொழுதுபோகப் படிக்கத்தானே அந்தப் புத்தகத்தை அனுப்பினேன், நடக்கவா சொன்னேன்? உடனே அவர்களிடம் மன்னிப்புக் கேள். இல்லையென்றால் எனக்குத் தங்கையே இல்லை.

ஞானதுரை

போடிநாயக்கனூர்
10.2.1974

அண்ணனுக்கு,

மன்னிப்பா? காலேஜில் படிக்கும்போது நீங்களும் கூட்டாளிகளும் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு நடந்தீர்கள். அன்றைக்கு அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்து, "எம்மவன் நடந்தே ஏறிட்டான்ல!" என்றார்கள். எனக்கு மட்டும் வேறு காலா?

நேற்று மாப்பிள்ளையே வந்திருந்தார். அப்பா முன்னால், "இனிமே எங்கயும் நடக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்" என்றார்.

"நடப்பேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டார். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார்கள். அடிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்து அழுதார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்ற மாட்டேன். கல்யாணத்தை நிறுத்தியது நான்தான் என்று யார் கேட்டாலும் சொல்லுங்கள்.

மே லீவில் ராஜமணியும் நானும் மூணாறு, மறையூர் வழியாக உடுமலைக்கு நடக்கப் போகிறோம். ஷூ அனுப்ப வேண்டாம். தேனியில் வாங்கிவிட்டேன்.

சொர்ணலதா

உடுமலைப்பேட்டை
19.5.1974

அன்பான அண்ணனுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இன்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். ராஜமணிக்குக் குதிகாலெல்லாம் கொப்புளம். மறையூரில் டீக்கடைக்காரர், "வீட்டுக்காரக யாரும் கூட வரலியா?" என்று கேட்டார். "வந்தா பையோட அவுகளையும்ல சேத்துத் தூக்கணும்" என்றாள் ராஜமணி. கடையே சிரித்தது.

மூணாறு வரைக்கும் வழியெல்லாம் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன், வாய்விட்டே. அப்புறம் எந்த இடத்தில் கோபம் போனது என்று தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது.

தங்கையே இல்லை என்று எழுதினீர்கள். இருக்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். பாதை எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றினால் எழுதுங்கள். பக்கம் பக்கமாகச் சொல்ல இருக்கிறது.

சொர்ணலதா