சுவரைப் பார்த்த மரவுரி

மார்ச் 4
ஆசிய, பசிபிக் கலை வரலாறு என்றால் அக்காவுக்கு இன்னும் சிரிப்புதான். "படம் பாக்குறதுக்கெல்லாம் ஒரு பட்டமாடி?" ஆமாம், முதுகலைப் பட்டம். அதுவும் முப்பத்தெட்டு வயதில். உனக்குப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 11
பல்கலைக்கழக அருங்காட்சியகம், பசிபிக் அறை. சுவரில் ஆளுயர மரவுரி — மரப்பட்டையை அடித்து அடித்துத் துணியாக்கிச் சாயம் பூசியது. என் ஆய்வேடு அதைப் பற்றித்தான். இன்று குனிந்து பார்த்தால், பட்டை கிழிந்த இடங்களில் ஒட்டுகள். தலையணை உறை கிழிந்தால்கூட ஒட்டை உள்பக்கம்தானே போடுவோம்? இவ்வளவு பாடுபட்டு இதைச் செய்தவள் முகப்பிலா ஒட்டியிருப்பாள்? பின்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 12
சந்தேகம் வந்துவிட்டது, சொல்வதா வேண்டாமா என்று. அந்தக் காலத்தில் அதை மாட்டியவர் மேடம், என் நெறியாளர். அதே பக்கத்தைப் படமெடுத்துப் புத்தகமும் போட்டவர். முனைவர் பட்டத்துக்கு என்னைச் சேர்ப்பதும் தள்ளுவதும் அவர் கையில்.
"உனக்கெதுக்கு வம்பு? பட்டத்த வாங்கிட்டு அப்புறம் சொல்லேன்" என்கிறார் வீட்டுக்காரர்.
முதுகைப் பார்த்துக்கொண்டு முகம் இப்படி என்றா எழுதுவேன்?

மார்ச் 18
சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒட்ட நானும் பாத்தேன். ரொம்ப வருஷம் கழிச்சு யாரோ பழுது பாத்ததுன்னு நெனச்சேன்."
"ஒட்டு மேலயும் சாயம் இருக்கே மேடம். பூசினதில்ல, அந்தப் பக்கத்துலேர்ந்து ஊறி வந்தது. அப்போ செஞ்சவங்களே சாயம் பூசறதுக்கு முன்னாடி ஒட்டினதுதானே?"
"சரி, போயிட்டு வா."
போச்சு.

மார்ச் 24
மேடம் வகுப்பில் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 2
மேடம் சொல்லி மரவுரியை இறக்கினோம். காப்பாளர்கள் இருவர், மேடம், நான் — மூலைக்கு ஒருவர். திருப்பினோம். இத்தனை வருடம் வெளிச்சமே படாத முகப்பு. செம்பழுப்பு, கறுப்பு, ஓரமெல்லாம் இலை இலையாக, நேற்றுப் பூசியது போல. செய்தவளை நினைத்து அழுகை வந்தது. என்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. இருந்தால் என்ன?
மேடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனார். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 9
முதலாமாண்டு மாணவர்களுக்கு மேடம் பசிபிக் அறையைக் காட்டினார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். தாழ்வான மேடையில் மரவுரி, முகம் மேலே. தன் புத்தகத்தைத் திறந்து அவர்களிடம் நீட்டினார்.
"இந்தப் படத்துல இருக்கறது முதுகு. என் தப்பு. முகத்தக் கண்டுபிடிச்சது இவங்க. அடுத்த வருஷம் என்கிட்ட முனைவர் பட்டத்துக்குச் சேர்றாங்க."
எனக்கே அப்போதுதான் தெரியும்.
ஒரு பெண் மேடத்தைப் பார்த்துக் கை தூக்கினாள்.
"அவங்ககிட்ட கேளும்மா" என்று மேடம் மாணவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.
நான் முன்னால் போனேன்.