அத்தான் எழுதிய இங்கிலீஷ்

ஜனவரி 9, 1978

மத்தியானத் தபாலில் லண்டன் கடிதம். எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டுத் தனிஸ்லாஸ் அத்தான் அங்கே வேலைக்குப் போய் இரண்டரை வருடம். "நாளைக்கு நீயும் அங்கிட்டு வந்து இருக்கணும்ல, இப்பவே இங்கிலீஷ் பழகிக்க" என்று போகும்போது சொன்னார். அதனால் இங்கிலீஷில்தான் எழுதிக்கொள்கிறோம். நான் தையல் டீச்சர். அகராதியைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது.

கல்யாணத் தேதியைக் கேட்டிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை. 'ஐ ஹேவ் காட் கோல்ட் ஃபீட்' என்று ஒரு வரி மட்டும். கால் குளிர்கிறதாம். பாவம். பஸ்ஸில் போய்ச் சிம்மக்கல்லில் இறங்கிக் கம்பளி நூல் வாங்கினேன்.

ஜனவரி 17

காலுறை பின்னி முடித்தேன். சாம்பல் நிறம். "அளவு தெரியுமாடி ஒனக்கு?" என்றாள் அம்மா. தெரியும். மாதா கோயில் வாசலில் அவர் கழற்றிப் போட்ட செருப்பில் ஒருநாள் என் காலை நுழைத்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

பார்சல் போயிற்று.

பிப்ரவரி 8

என் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் சூசையம்மாள் இங்கிலீஷ் மரபுத்தொடர் நடத்திக்கொண்டிருந்தாள். "கோல்ட் ஃபீட்" என்றாள். பிள்ளைகள் ஒரே குரலில், "கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குதல்!"

ஊசி விரலில் ஏறிவிட்டது.

பின்வாங்குகிறேன் என்று எழுதினவருக்குக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ஐயோ — சிரிச்சிருப்பாரா?

பிப்ரவரி 11

வெட்கத்தை விட்டு, கடிதக் கட்டோடு சூசையம்மாள் வீட்டுக்குப் போனேன். படித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "ஏய் தெரசா, இந்த 'ஆல் அட் ஸீ'க்கு நீ என்ன பதில் எழுதுன?"

போன வருடக் கடிதம். 'ஸீ' என்றால் கடல்தானே, கப்பலில் போகிறார் என்று நினைத்தேன். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். 'பயணம் சுகமா, வாந்தி வந்ததா?' என்று எழுதினேன்.

சூசையம்மாள் சிரிக்கவில்லை. "நீ இல்லாம தெசை தெரியாமக் கெடக்கேன்னு எழுதிருக்காருடி."

என் போட்டோ கிடைத்த அன்று 'ஓவர் த மூன்' என்று எழுதியிருந்தார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்று அர்த்தமாம். 'இங்கும் நிலா நன்றாக இருக்கிறது' என்று பதில் போட்டவள் நான்.

இரண்டரை வருடமாக அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் காது கேட்கவில்லை. இப்படி ஒருத்தியைக் கட்ட யாருக்குத்தான் பயம் வராது?

பிப்ரவரி 12

தமிழில் எழுதிவிட்டேன். அரைமணி நேரம்தான் ஆனது.

'அத்தான், உங்க இங்கிலீஷ் எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி இருந்துட்டேன். நீங்க இல்லாம எனக்கும் இங்க இருப்புக் கொள்ளல. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. வாரேன்னா வாரேன், வரலைன்னா வரலை. எதுவானாலும் தமிழ்ல சொல்லுங்க.'

மார்ச் 6

தபால் இல்லை.

மார்ச் 29

ஈஸ்டருக்கு வாழ்த்து அட்டைகூட இல்லை. தபால்காரர் காளை என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

கடிதங்களை மறுபடி படிக்கிறேன். இப்போது எல்லாம் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

ஏப்ரல் 19

மூன்றாம் பீரியட். ஆயா ராமக்காள் வந்து, "டீச்சர், ஒங்களத் தேடி ஆள் வந்துருக்கு" என்றாள்.

வேப்பமரத்தடியில் பெட்டியோடு நின்றார். இளைத்திருந்தார்.

"தமிழ்ல எழுதிப் பாத்தேன் தெரசா. நாலு தடவ கிழிச்சுப் போட்டேன். அதான் நேர்லயே..." என்றார்.

"பயம் போயிருச்சா?"

"இல்ல" என்றார். "பயத்தோடதான் வந்துருக்கேன்."

மணி அடித்தது. இன்னும் ஒரு வகுப்பு இருக்கிறது, இருங்கள் என்றேன்.

இருந்தார்.