உன் அறையில் அப்பாவின் ஆலோசனை நிலையம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சுகம். மாடிப்படி ஏறும்போது ஏதோ முனகுகிறது, அது படியா என் முழங்காலா என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவும் சுகம்தான், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே சுகம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், வேலை ஏதாவது இருந்தால் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் ஒன்று, கோபப்படாதே. உன் அறை இப்போது உன் அறை இல்லை. உன் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்துவிட்டு, நடுவில் நம் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, அப்பா அங்கே ஒரு ஆபீஸ் திறந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். வாசலில் போர்டும் மாட்டியாகிவிட்டது, "சிறு வியாபாரிகளுக்கு விற்பனை ஆலோசனை, உள்ளே வரவும்" என்று. நீ இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது, நானும் அப்படித்தான் சிரித்தேன். ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு காலமெல்லாம் 'வண்டி தாமதமாக வரும், வருந்துகிறோம்' என்று சொன்ன மனுஷன், வியாபாரத்தைப் பற்றி யாருக்கு என்ன சொல்லிக் கிழிக்கப்போகிறார் என்று கேட்டேன். அதற்கு அவர், "வராத வண்டிக்காக ஊரையே பெஞ்சுல உக்கார வச்சவன் நான், இருக்கிற கடைக்கு நாலு பேரை வர வைக்க மாட்டேனா" என்றார். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் குளிக்கப் போனால் அவர் கதவுக்கு வெளியே நின்று, குளியலறை காலியாகச் சற்று நேரமாகும் என்று அறிவிப்பார். கேட்பதற்கு அங்கே அவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். மளிகைக் கடைக்காரரிடம் போய் வெங்காயத்தை எப்படி அடுக்க வேண்டும் என்று பாடம் எடுத்துவிட்டு வந்தார், அதிலிருந்து அந்த மனிதர் இவர் தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார். நூலகத்திலிருந்து விற்பனை பற்றித் தடித் தடிப் புத்தகமாக எடுத்து வந்து பேனாவால் கோடு போட்டுப் படித்து, அதற்கும் திட்டு வாங்கினார். ஆபீஸ் வைத்தாலாவது ஒரு அறைக்குள் இருப்பாரே என்று விட்டுவிட்டேன்.

முதலில் வந்தது யார் தெரியுமா, நம் தெரு இறக்கத்தில் இருக்கிற தையற்காரர். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பாரே, நாம்கூட நாளைக்காரர் என்று பேர் வைத்திருந்தோமே, அவரேதான். அவர் தையலில் குறை சொல்ல முடியாது, கைக்கு வந்து சேர்வதுதான் கஷ்டம். இப்போது அவர் கடைக்கு எதிரிலேயே ஒரு பெரிய ரெடிமேட் கடை வந்துவிட்டது, உள்ளே எங்கே திரும்பினாலும் கண்ணாடி. அங்கே போனால் போட்டுக்கொண்டே வெளியே வரலாம், இவரிடம் யார் வருவார்கள். மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மெஷினை வித்துட்டு அண்ணன் வீட்டோட போயிடலாம்னு இருக்கேன் சார்" என்றார். கூட வந்த அவர் மனைவி என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "அந்த மெஷின் சத்தம் இல்லன்னா இவரு ஆளே இருக்க மாட்டாருக்கா, எப்படியாவது சாரை ஏதாச்சும் பண்ணச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் அப்பா என்ன பண்ணினார் என்றால், புத்தகத்தைப் பார்த்து ஒரு திட்டம் போட்டார். ஒன்று தைக்கக் கொடுத்தால் இன்னொன்று இலவசமாகத் தைத்துத் தரப்படும். இதை ஒரு மைக்கை இரவல் வாங்கித் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். அந்தக் குரலை அறியாத காது இந்த ஊரில் உண்டா, சனம் திரண்டு வந்துவிட்டது. திட்டம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு சட்டையையே நேரத்துக்குத் தராதவரிடம் இரண்டு சட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. துணி மூட்டை கடையின் கூரையைத் தொட்டது. பிறகு நம் வீட்டுக்கு வந்தது, உன் கட்டிலுக்குப் பின்னால் மட்டும் எத்தனை பாவாடை இருந்தது என்கிறாய். நான் தினமும் ஓரம் மடித்துத் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் சல்லடையாகிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் தையற்காரர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்ல, ஆலோசனை சொன்ன பெரிய மனுஷர் பின்வாசல் வழியாகக் காய்கறி வாங்கப் போக ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் தையற்காரர் மனைவி செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள். கடை வாசலில் ஒரே கூட்டம், அவர் உள்ளே புகுந்து ஷட்டரை இழுத்து விட்டுக்கொண்டார், வெளியே வரமாட்டேன் என்கிறார் என்று அழுதாள். அப்பா கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து பழைய ரயில்வே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடி விழுந்தால் தடுக்க ஒரு ஆளாவது வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு கல்யாண மாப்பிள்ளை, மதியம் அவனுக்குக் கல்யாணம், ஒரு கை மட்டும் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை மேடைத் திரையைக் கேட்டு ஷட்டரைக் குடையால் தட்டிக்கொண்டிருந்தார். உன் அப்பா ஒரு முக்காலியில் ஏறி நின்றார், தொண்டையைக் கனைத்தார். "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. இலவசம் என்று நான் செய்த அறிவிப்பு தவறானது. அது ரத்து செய்யப்படுகிறது. வருந்துகிறோம்" என்றார். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அப்புறம் குனிந்து ஷட்டரைத் தட்டி, "மாப்பிள்ளை கோட்டுக்கு இன்னொரு கை எப்ப வரும், உண்மையைச் சொல்லு" என்று கேட்டார். உள்ளேயிருந்து "நாளைக்கு" என்று சத்தம் வந்தது. "நாளைக்கு அவன் புருஷனாயிருப்பான்யா, இப்ப உக்காந்து தச்சா எவ்வளவு நேரமாகும்" என்றார் அப்பா. உள்ளே துணியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்றது குரல். அப்பா நிமிர்ந்து அதை அப்படியே அறிவித்தார். நம்ப மாட்டாய், அந்த மாப்பிள்ளைப் பையன் நேராகப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். இந்தக் குரல் தாமதம் என்று சொன்னால் உட்கார இடம் தேடுவது இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒவ்வொரு துணிக்கும் இப்படியே கேட்டுக் கேட்டுச் சொன்னார். இன்னும் வெட்டவே இல்லை என்று தெரிந்துகொண்ட ஒரு அம்மாள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள், மற்றவர்கள் நாள் கேட்டுக்கொண்டு கலைந்தார்கள். ஷட்டர் பாதி மேலே ஏறி மெஷின் ஓட ஆரம்பித்தபோது அவர் மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டாள். மாப்பிள்ளை நூல் தொங்கும் கையோடு கல்யாணத்துக்கு ஓடினான், தாலி கட்டுகிற நேரம் அவனுக்குத் தப்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தக் கடை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. எந்தத் துணி எந்தக் கிழமை கிடைக்கும் என்று அப்பா தினமும் போய் அவரை மிரட்டிக் கேட்டு எழுதுகிறார். அவர் புதன் என்றால் இவர் வெள்ளி என்று எழுதுகிறார். வியாழக்கிழமையே தயாராகிவிட்டால் சனங்களுக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷம். மெஷினை விற்கிற பேச்சே போய்விட்டது. எதிர்க் கடைக்காரரும் ஒரு நாள் தயங்கித் தயங்கி நம் வீட்டுக்கு வந்தார், அவர் விற்கிற கால்சட்டை எல்லாம் நீளமாம், யாருக்கும் பொருந்தவில்லையாம். நீளமானதை எதிரே கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு அட்டை தொங்கவிட்டாயிற்று. நேற்று பார்த்தேன், இரண்டு கடைக்காரர்களும் தெருவின் நடுவில் நின்று சேர்ந்து தேநீர் குடிக்கிறார்கள். அடுத்தது முடிதிருத்துபவர், பூட்டுச் சாவிக்காரர் என்று ஆள் வந்தபடி இருக்கிறது. நான் இப்போது வரவேற்பாளர், யாரும் என்னைக் கேட்டு நியமிக்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். போன மாதம் வாசல் போர்டில் ஒரு வரி கூடியிருக்கிறது, "வெளிநாட்டுக் கிளை உண்டு" என்று. அந்தக் கிளை நீதான். விடை தெரியாத கேள்வி வந்தால் கிளையில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். அப்பா இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உன்னுடன் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று நீ என்னிடம் சந்தோஷப்பட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். முன்பெல்லாம் "நல்லா இருக்கியா, இரு அம்மாகிட்ட தரேன்" என்று சுடுகிற பாத்திரத்தைக் கொடுப்பது போல போனை என் கையில் திணித்துவிடுவார். இப்போது உன் தெரு ரொட்டிக் கடையில் கண்ணாடிக்குள் என்ன வைத்திருக்கிறார்கள், கடைக்காரன் சிரிக்கிறானா, நீ அங்கே வாங்கிச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்கிறார். ஆபீஸ் விஷயத்துக்குத்தான் பேசுகிறாரோ என்று எனக்கே மனசு கொஞ்சம் சுருங்கிப்போய் நேராகக் கேட்டுவிட்டேன், பிள்ளையிடம் சும்மா பேசினால் என்ன என்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சும்மா கூப்பிட்டா என்ன பேசுறதுன்னு தெரியல. வேலைன்னா பேச்சு வருது" என்றார். போன வாரம் முடிதிருத்துபவரைப் பற்றி உன்னிடம் கேட்டாரே, அந்த ஆளுக்கு முந்தின நாளே யோசனை சொல்லி அனுப்பிவிட்டார். ஆனாலும் உன்னிடம் முதலிலிருந்து கேட்டார், நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் ஒன்று செய் கண்ணு. அவர் எது கேட்டாலும் பதிலை ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடாதே. கொஞ்சம் சொல்லிவிட்டு, மீதியை விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி வை. நான் எழுதியதை அவரிடம் மூச்சு விடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா